கழுத்தில் தொங்கும் முகம்

ஒரகடம் கூட்டுச்சாலையில் ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் கம்பெனி பஸ்கள் வரிசைகட்டி நிற்கும். வாலாஜாபாத் பக்கம், சிங்கப்பெருமாள்கோயில் பக்கம், படப்பை வழியே தாம்பரம் பக்கம் என்று பிரிந்துபோகும் அந்த பஸ்களில் ஏறுகிற ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு புகைப்படம் தொங்குகிறது. வெற்றிலை அளவுகூட இல்லாத படம். பின்னணி நீலம் அல்லது வெள்ளை. காது தெரிய வேண்டும், சிரிக்கக் கூடாது. காட்சிக்கூடங்களில் மாட்டுகிற உருவப்படங்களைப் பற்றி நாம் நிறையவே எழுதுகிறோம். ஒருவருடைய சோறு எந்தப் படத்தை நம்பியிருக்கிறதோ, அந்தப் படத்தைப் பற்றி எழுதுவதில்லை.

ஆளெடுக்கும் ஏஜென்சிக்காரர் கேட்பது எளிய பட்டியல்: ஆதார், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், பேங்க் பாஸ்புக், இரண்டு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. எல்லாவற்றிலும் ஒரே பெயர், ஒரே முகம் இருக்க வேண்டும். பி.எஃப். கணக்கு ஆதாரோடு பிணைந்தது. பெயர் ஒத்துவராவிட்டால் பணம் எடுப்பது பெரும்பாடு. பதினாறு வயதில் மீசை அரும்பிய முகத்தோடு எடுத்த ஆதாரை நீட்டிக்கொண்டு, இருபத்து மூன்று வயதில் முடி வளர்த்து, சுடிதார் போட்டு வரிசையில் நிற்கிற திருநங்கையிடம் செக்யூரிட்டி என்ன கேட்பார் என்று ஊகிக்கப் பெரிய கற்பனை வேண்டியதில்லை. முடியை வெட்டிக்கொண்டு, பேன்ட் சட்டையில் வேறு போட்டோ எடுத்து வந்தால் வேலை கிடைக்கலாம். மாட்டேன் என்றால் நெடுஞ்சாலையோரக் கடைகளில் கைநீட்டி, ‘கடை கேட்க’ப் போவதைத் தவிர பலருக்கு வேறு வழி இருப்பதில்லை.

இன்னொருவர் இருக்கிறார்; அவரைப் பற்றி இன்னும் குறைவாகவே பேசுகிறோம். இந்த ஒரகடம்-ஸ்ரீபெரும்புதூர் தொழில் தடத்தின் மின்னணு ஆலைகளில் அசெம்பிளி லைன்களை நிரப்புபவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். பிறப்பில் பெண் என்று பதிவான திருநம்பி ஒருவர் அங்கே வேலைக்குச் சேர்வதில் காகிதச் சிக்கல் எதுவும் இல்லை. தலையைப் பின்னி, பொட்டு வைத்து எடுத்த படத்தை மாட்டிக்கொண்டு, பெண்கள் விடுதியில் படுத்தெழுந்து, பெண்கள் வரிசையில் நின்று அவர் சம்பளம் வாங்கலாம். அவருடைய அட்டையில் அதிகாரிகள் ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியாது. அதில் அவர் இல்லை, அவ்வளவுதான்.

திருநர் அடையாளத்தைப் புகைப்படத்திலும் காணொலியிலும் தேடிப்போன கலைஞர்கள் இந்தியாவில் உண்டு. அந்தப் படைப்புகளைப் பார்க்கும்போது, படம் எவ்வளவு அழகு, எவ்வளவு உருக்கம் என்று கேட்பதே நம் வழக்கம். எனக்கு அது இரண்டாம் கேள்வி. எடுத்த படத்தை வேண்டாம் என்று சொல்லவும், வேறு படம் எடு என்று கேட்கவும் படத்தில் இருப்பவருக்கு உரிமை இருந்ததா? இதுதான் முதல் கேள்வி. கலை உலகில் சிலர் இதைக் கேட்டுப் பழகியிருக்கிறார்கள். ஆலை வாசலில் இன்னும் யாரும் கேட்கத் தொடங்கவில்லை.

தயானிதா சிங் என்ற புகைப்படக் கலைஞரின் கதை இங்கே உதவும். 1989-ல் லண்டனிலிருந்து வரும் ‘தி டைம்ஸ்’ நாளிதழுக்காகப் பழைய தில்லியில் ஹிஜ்ராக்கள் எனப்படும் திருநங்கையரைப் படமெடுக்கப் போகிறார். அங்கே மோனா அகமதைச் சந்திக்கிறார். படமெல்லாம் எடுத்து முடித்த பிறகுதான் மோனாவுக்கு அது இங்கிலாந்துப் பத்திரிகைக்கு என்று தெரிகிறது. தனக்கு அங்கே உறவினர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பார்க்கக் கூடாது, ஃபிலிமைத் திருப்பிக் கொடு என்கிறார் மோனா. தொழில்முறைப் புகைப்படக்காரர் ஒருவர் சாதாரணமாகச் செய்யாத காரியத்தை தயானிதா செய்தார்: ஃபிலிமைக் கொடுத்துவிட்டார். பத்திரிகைக்குப் படம் போகவில்லை. மோனா 2017-ல் இறக்கும்வரை நீடித்த நட்பு அங்கே தொடங்கியது.

அடுத்த பல ஆண்டுகள் தயானிதா மோனாவின் வீட்டில் நடந்ததையெல்லாம் படமெடுத்தார். தத்தெடுத்த மகள் ஆயிஷாவின் பிறந்தநாளுக்கு மோனா ஊரைக் கூட்டி நடத்திய விருந்துகள், ஆட்டம், பாட்டு. பிறகு அந்தக் குழந்தை கையைவிட்டுப் போனது, திருநங்கையர் சமூக அமைப்பான ஜமாத்திலிருந்து விலகியது, குடி, கடைசியில் ஒரு கல்லறைத் தோட்டத்தில் வீடு கட்டிக் குடியேறியது. 2001-ல் ‘மைசெல்ஃப் மோனா அகமது’ என்று நூல் வந்தது. அந்தப் புத்தகத்தின் உரைப்பகுதி வல்லுநர் ஒருவர் எழுதிய ஆய்வுரை இல்லை. பதிப்பாளருக்கு மோனா சொல்லச் சொல்ல அனுப்பப்பட்ட மின்னஞ்சல்கள். தன்னுடைய படங்களின் மேல் தானே பேசுகிறார்: பெருமை, கோபம், கொஞ்சம் நாடகம், கொஞ்சம் மிகை. நான் அறிந்தவரை, இந்தியப் புகைப்பட வரலாற்றில் படத்தில் இருப்பவர் இவ்வளவு வாயாடியது அதற்கு முன் இல்லை.

2013-ல் வெனிஸ் கலைக் கண்காட்சியில் தயானிதா ஒரு காணொலியைக் காட்டினார். மோனா படுத்தபடி பழைய இந்திப் பாட்டு ஒன்றைக் கேட்டுக்கொண்டிருக்கிறார், கேமரா நகரவில்லை. புகைப்படம்போல அசையாமல் இருக்கிறது, ஆனால் உள்ளே ஒருவர் மூச்சுவிடுகிறார், கண்ணிமைக்கிறார். திருநர் என்றால் கைதட்ட வேண்டும், ஆட வேண்டும், அழ வேண்டும் என்று காத்திருக்கும் பார்வையாளருக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. வயதான ஒருவர் பாட்டுக் கேட்கிறார். தயானிதாவின் மற்ற படைப்புகளைவிட எனக்கு இதுவே பெரிதாகப் படுகிறது.

தேஜல் ஷா வேறு வழியில் போனார். 2006-ல் அவர் செய்த ‘ஹிஜ்ரா ஃபேன்டசி’ வரிசையில், படத்தில் வரப்போகிறவர்களிடமே என்னவாகத் தோன்ற ஆசை என்று கேட்டு, அதன்படி அரங்கம் அமைத்துப் படமெடுத்தார். ஒருவர் கிளியோபாத்ரா ஆனார். ஒருவர் ரவிவர்மா ஓவியத்து யசோதையாகக் கண்ணனை மடியில் வைத்துக்கொண்டார். மகேஸ்வரி என்பவர் தென்னிந்திய சினிமாக் கதாநாயகியாக, கதாநாயகனின் அணைப்பில் நின்றார். நம்மூர் ரசிகருக்கு முதல் பார்வையில் சிரிப்பு வரலாம். ஆனால் ஸ்டூடியோ என்பதே நமக்கு அதற்காகத்தானே இருந்தது? திரைச்சீலையில் வரைந்த தாஜ்மகாலுக்கும் அட்டை மோட்டார் சைக்கிளுக்கும் முன்னால் நின்று நம் தாத்தாக்கள் எடுத்துக்கொண்ட படங்களெல்லாம் வேறென்ன?

தமிழ் வீடுகளில் இன்னொரு படமும் இருக்கும். மொட்டை போடுவதற்கு முன், பையனுக்குப் பாவாடை கட்டி, பூஜடை தைத்து, கண்மை இட்டு, பின்னால் கண்ணாடி வைத்து ஜடை தெரிகிற மாதிரி ஸ்டூடியோவில் எடுத்த படம். அம்மாவும் அத்தையும் அதைக் காட்டிக்காட்டி ரசிப்பார்கள். கல்யாணம் ஆகி மருமகள் வந்த பிறகும் அந்தப் படம் வெளியே வரும். அதே வீட்டில் அதே பையன் பதினான்கு வயதில் தானாகப் பூ வைத்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பது திருநங்கையர் எழுதிய நூல்களில் இருக்கிறது. ரேவதி திருநங்கையரின் வாழ்க்கைக் கதைகளைத் தொகுத்த ‘உணர்வும் உருவமும்’ முதலில் வந்தது, லிவிங் ஸ்மைல் வித்யாவின் தன்வரலாறு ‘நான், வித்யா’ 2007-ல் வந்தது. நாம் சூட்டினால் அலங்காரம், அவர்களே சூடினால் அடி. அந்தப் படத்தில் குழந்தையின் விருப்பத்தை யாரும் கேட்டதில்லை என்பதால்தான் அது வேடிக்கைப் படமாக இருக்க முடிகிறது.

ஜமாத்தின் மரபிலும் முகம் பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. நிர்வாணம் என்று அவர்கள் சொல்லும் அறுவைக்குப் பிறகு நாற்பது நாள் கண்ணாடி பார்க்கக் கூடாது. நாற்பது முடிந்து, மஞ்சள் பூசி, பால் ஊற்றும் சடங்கு நடந்து, புதுச்சேலை கட்டிய பிறகுதான் கண்ணாடி. தன் முகத்தைத் தானே முதலில் பார்க்கும் உரிமையை இவ்வளவு பெரிய விழாவாக வைத்திருக்கும் ஒரு சமூகத்தின் முகத்தை, நாம் ஆண்டுக்கொருமுறை கூவாகத்தில் போய் அள்ளிக்கொண்டு வருகிறோம். பத்திரிகைக்காரர்களாகிய நம்மைத்தான் சொல்கிறேன். சித்திரை வந்தால் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கூத்தாண்டவர் கோயிலில் நீண்ட லென்ஸ்களோடு கூட்டம் கூடுகிறது. தாலி கட்டிக்கொள்ளும் படம் முதல் நாள், தாலி அறுத்து அழும் படம் மறுநாள். மீதி நாட்களில் அதே மனிதர்கள் என்ன வேலை செய்தார்கள், எந்தத் தெருவில் வாடகை கொடுத்தார்கள் என்பது படமாவதில்லை.

படமெடுப்பவரும் எடுக்கப்படுபவரும் ஒரே ஆளாகும்போது என்ன மாறுகிறது என்பதற்குத் தமிழிலேயே சான்று உண்டு. 2008-ல் விஜய் தொலைக்காட்சியில் ‘இப்படிக்கு ரோஸ்’ வந்தது. ரோஸ் வெங்கடேசன் நாற்காலியில் உட்கார்ந்து அடுத்தவர் வாழ்க்கையைக் கேள்வி கேட்டார். அதுவரை அந்த நாற்காலிக்கு எதிர்ப்புறத்தில்தான் திருநங்கைக்கு இடம் இருந்தது. கீ இமான் செம்மலர் திருநம்பிகளைப் பற்றி ‘கல்வெட்டுகள்’ என்ற ஆவணப்படத்தை எடுத்தார். மும்பையில் மின்சார ரயில்களில் கைநீட்டிப் பிழைத்த ஜோயா தாமஸ் லோபோ, சேர்த்த காசில் கேமரா வாங்கி, 2020 ஊரடங்கில் பாந்த்ரா ரயில் நிலையத்தில் திரண்ட புலம்பெயர் தொழிலாளர்களைப் படமெடுத்தார். அந்தப் படங்கள் அவரைப் பத்திரிகைப் புகைப்படக்காரராக ஊருக்குக் காட்டின. அவர் எடுத்தது திருநர் படம் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தங்களைப் பற்றி மட்டுமே பேச வேண்டும் என்ற நிபந்தனையோடு கேமராவைக் கொடுப்பதும் ஒருவகை அடைப்புதான்.

லீனா மணிமேகலையின் ‘இஸ் இட் டூ மச் டு ஆஸ்க்?’ என்ற ஆவணப்படம் லிவிங் ஸ்மைல் வித்யாவும் ஏஞ்சல் கிளாடியும் சென்னையில் வாடகைக்கு வீடு தேடி அலைவதைப் பின்தொடர்கிறது. இருவரும் நாடகக் கலைஞர்கள். கேமராவுக்கு முன்னால் எப்படி நிற்பது என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வீட்டுக்காரர்கள் சொல்லும் சாக்குகளுக்கு அவர்கள் முகத்தில் வரும் அந்தச் சின்னக் கிண்டலை, ஒளிப்பதிவாளர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் தானாக உண்டாக்க முடியாது.

வீடு என்றதும் மீண்டும் நம் தடத்துக்கு வர வேண்டியிருக்கிறது. 2017-ல் கொச்சி மெட்ரோ 23 திருநர்களை வேலைக்கு எடுத்தபோது நாடே பாராட்டியது. வந்த வேகத்தில் சிலர் விலகினார்கள். வேலையில் குறை இல்லை. நகரத்தில் யாரும் வாடகைக்கு இடம் தரவில்லை, லாட்ஜுக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. இங்கே வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் பிரம்மாண்டமான குடியிருப்பை 2024 ஆகஸ்டில் முதலமைச்சர் திறந்துவைத்தார். நல்ல காரியம். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் பெண்கள் நோயுற்று, நெடுஞ்சாலையில் மறியல் நடந்ததை மறக்காதவர்களுக்கு அதன் அருமை தெரியும். அத்தனை படுக்கைகளில் ஒன்றுக்குத் திருநங்கை ஒருவர் விண்ணப்பித்தால் எந்தப் படம் ஒட்டிய அட்டையைக் காட்டுவார் என்பதை அங்கே யாராவது யோசித்திருந்தால் மகிழ்ச்சி.

2019 முதல் ஐபோன்கள் தயாராகிற பூமி இது. சுங்குவார்சத்திரத்தில் திருகாணி முடுக்கும் கைகள்தாம் உலகத்தார் தங்கள் முகத்தைத் தாங்களே எடுத்துக்கொள்ளும் கேமராவை இணைத்து அனுப்புகின்றன. ஆனால் இங்குள்ள பல ஆலைகளில் செல்போன் கேமராவின் மேல் ஸ்டிக்கர் ஒட்டித்தான் உள்ளே விடுவார்கள். சிலவற்றில் போனையே வாங்கிவைத்துவிடுவார்கள். உள்ளே படமெடுக்கும் அதிகாரம் ஒரு தரப்புக்கு மட்டும். ஸ்ரீபெரும்புதூருக்குப் படத்தின் பலம் முன்பே தெரியும்: 1991 மே 21 இரவு முன்னாள் பிரதமரைக் கொன்ற குண்டுவெடிப்பில் இறந்த புகைப்படக்காரரின் கேமராவில் மிஞ்சிய படங்கள்தாம் புலனாய்வுக்கு முதல் நூலைக் கொடுத்தன. குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கும் படத்துக்கு அந்த வேலை பொருத்தம். உழைக்க வந்தவரின் படத்தையும் அதே கண்ணோடு பார்ப்பது காலனிக் காலத்துப் பழக்கம். 1871-ன் குற்றப் பரம்பரைச் சட்டத்தில் ஹிஜ்ராக்களுக்கென்றே தனிப் பகுதி இருந்தது. வட இந்தியாவில் காவல்துறை அவர்களைப் பதிவேட்டில் ஏற்றியது. பதிவானவர் பொது இடத்தில் பெண்ணுடை அணிந்தால் கைது.

இப்போது பதிவேட்டின் இடத்தில் இயந்திரம் வந்துகொண்டிருக்கிறது. விரல் ரேகை போய் முகம் பார்த்து வருகை போடும் கருவிகள் ஆலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் பரவுகின்றன. ஹார்மோன் எடுத்துக்கொள்ளத் தொடங்கிய ஒருவரின் தாடைக் கொழுப்பும் தோலும் சில மாதங்களிலேயே மாறும். கருவியில் இருக்கும் பழைய படம் மாறாது. 2019-ல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் பெருநிறுவன மென்பொருள்களைச் சோதித்தபோது, திருநம்பிகளை அவை 38 விழுக்காடு வரை தவறாகப் பெண் என்றன. ஆண், பெண் என்ற இரண்டுக்குள்ளும் அடங்காதவர்களைச் சரியாகச் சொல்ல அந்த மென்பொருள்களில் வழியே இல்லை. வருகைக் கருவி செய்வது வேறு வேலை, அது ஆளைப் பொருத்திப் பார்க்கிறது. ஆனாலும் இரண்டும் ஒரே பள்ளியில் படித்தவை.

அந்தப் பள்ளியின் பாடப்புத்தகம் எங்கிருந்து வந்தது என்பது இன்னும் சங்கடமான விஷயம். ஹார்மோன் எடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து தங்கள் முகமும் குரலும் எப்படி மாறின என்று திருநர் பலர் மாதாமாதம் காணொலி எடுத்து யூடியூபில் போடுவதுண்டு. தங்களைப்போல் தனித்துக் கிடக்கும் இன்னொருவருக்குத் தைரியம் தரத்தான். வட கரோலினா பல்கலைக்கழகத்தின் வில்மிங்டன் வளாகத்தில் ஆய்வாளர் ஒருவர், 38 பேரின் அத்தகைய காணொலிகளிலிருந்து பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட முகப்படங்களைத் திரட்டி, ஹார்மோனால் மாறிய முகத்தை இயந்திரம் பிடிக்குமா என்று பழக்குவதற்குத் தரவுத்தொகுப்பு ஆக்கினார். தங்கள் படம் அதில் இருப்பதே சிலருக்கு 2017-ல் பத்திரிகைச் செய்தி வந்த பிறகுதான் தெரிந்தது. மோனா கேட்டதும் ஃபிலிம் திரும்பி வந்தது. இவர்கள் யாரிடம் போய்க் கேட்பது?

சட்டம் இந்த விஷயத்தில் நம் நடைமுறையைவிட முன்னால் போய்விட்டது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். 2014 ஏப்ரல் 15 அன்று தேசிய சட்டப் பணிகள் ஆணையம் (நால்சா) தொடுத்த வழக்கில், தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமையை உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2019-ன் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தை ஒட்டி அடுத்த ஆண்டு வந்த விதிகள், மாவட்ட ஆட்சியர் தரும் அடையாளச் சான்றிதழோடு விண்ணப்பித்தால் அரசு ஆவணங்களில் பெயர், பாலினம், புகைப்படம் ஆகியவற்றை 15 நாட்களுக்குள் மாற்ற வேண்டும் என்றன. புகைப்படம் என்று தனியாகவே சொன்னார்கள். ஆட்சியரிடம் போய்த்தான் தன்னை நிரூபிக்க வேண்டுமா என்று திருநர் அமைப்புகள் எழுப்பிய எதிர்ப்பு நியாயமானது. இருந்தும், யாரோ ஓர் அலுவலருக்கு அந்த ஒரு சொல்லைச் சேர்க்கத் தோன்றியிருக்கிறது. அதே சட்டம் ஒவ்வொரு நிறுவனமும் புகார் அலுவலர் ஒருவரை நியமிக்கச் சொன்னது. விதிகள் சமவாய்ப்புக் கொள்கையை எழுதி வெளியிடச் சொல்லின. 2025 அக்டோபரில் ஜேன் கௌஷிக் என்ற திருநங்கை ஆசிரியரின் வழக்கில், இவையெல்லாம் காகிதத்திலேயே கிடக்கின்றன என்று உச்ச நீதிமன்றம் அரசுகளைக் கடிந்துகொண்டு, சமவாய்ப்புக் கொள்கையை வகுக்கக் குழு ஒன்றையும் அமைத்தது.

ஆகவே ஆலைகளிடம் கேட்க வேண்டியது புரட்சி எதுவும் இல்லை. பணியாளர் கேட்டால் அட்டையில் படத்தை மாற்றிக் கொடுங்கள். ஆதார் திருத்தம் வரும்வரை அட்டையில் அழைக்கும் பெயர் ஒன்றும் சம்பளக் கணக்கில் ஆவணப் பெயர் ஒன்றும் இருந்தால் உற்பத்தி நின்றுவிடாது. வீட்டில் ஒரு பெயர், சான்றிதழில் ஒரு பெயர் என்று வாழும் தமிழர் எத்தனை லட்சம்! முகக் கருவியில் ஆண்டுக்கொருமுறை எல்லோருக்கும் படத்தைப் புதுப்பித்தால், யார் எதற்காக மாற்றினார் என்று லைனில் யாரும் கிசுகிசுக்க வேண்டியதில்லை. இந்தக் கடைசி யோசனை எனக்கு முக்கியம். திருநருக்கென்று தனிச் சலுகையாகக் கொடுத்தால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். திருநம்பி ஒருவர் தன்னைச் சொல்லாமல் இருக்கவும் உரிமை வேண்டும். பன்முகத்தன்மை என்ற பெயரில் ஜூன் மாதத்தில் வானவில் பேனர் கட்டி, ஒரேயொரு திருநங்கை ஊழியரை நடுவில் நிறுத்திப் படமெடுத்து இணையத்தில் போடும் மனிதவளத் துறையினர் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். அவரைக் கேட்டுத்தான் எடுத்தீர்கள். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அடுத்த அப்ரைசல் எப்படி இருந்திருக்கும்?

அரசு செய்யக்கூடியது ஒன்று உண்டு. 2008-ல் நாட்டுக்கே முன்னோடியாகத் தமிழ்நாடு அமைத்த நலவாரியம், திருநங்கையர் சுயதொழில் தொடங்க 50,000 ரூபாய் வரை மானியம் தருகிறது. தையல் இயந்திரம், ஆடு மாடு, சின்னப் பெட்டிக்கடை என்று அது பெரும்பாலும் பழகிய தடத்திலேயே போகிறது. அந்தத் தொகைக்குள் செகண்ட் ஹேண்ட் கேமரா, ஒரு லைட், போட்டோ பிரின்டர், நீலத் திரை என்று வாங்கிவிடலாம். ஒரகடத்திலும் சுங்குவார்சத்திரத்திலும் ஜெராக்ஸ் கடையோடு ஒட்டிய ஸ்டூடியோக்கள் பாஸ்போர்ட் சைஸ் படத்தை நம்பியே ஓடுகின்றன. ஒவ்வொரு கான்ட்ராக்ட் மாறும்போதும் புது அட்டை, புதுப் படம். ஏஜென்சிகளின் அந்த ஆர்டரில் ஒரு பங்கைத் திருநங்கையர் நடத்தும் ஸ்டூடியோக்களுக்கு ஒதுக்க சிப்காட் நிர்வாகம் ஆலைகளோடு பேசினால் போதும், வாரியம் மேலும் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டியிருக்காது.